எஸ்டிஐ என்ற ஒரு வரிக்கு முன்னால்

சொந்தமாக ஒரு குட்டி ஓஎஸ் எழுதிப் பார்க்கிறவர்கள் ஏறக்குறைய எல்லாரும் ஒரே இடத்தில் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். பூட் செக்டர் ஓடியாயிற்று. புரொடெக்டட் மோடுக்குள் நுழைந்தாயிற்று. திரையில் தன் பெயரையும் எழுதிப் பார்த்தாயிற்று. அடுத்து கீபோர்டு வேண்டும், அதற்கு இன்டரப்ட் வேண்டும். சரி என்று இன்டரப்டைத் திறக்கும் எஸ்டிஐ கட்டளையை ஒரு வரியில் எழுதி ஓட்டினால் மெஷின் ரீபூட் ஆகிறது. கொஞ்சம் கவனமாக எக்செப்ஷன் ஹேண்ட்லர் எழுதி வைத்தவர்களுக்கு "டபுள் ஃபால்ட்" என்று செய்தி வருகிறது. கீபோர்டை யாரும் தொடக்கூட இல்லை. நிரலை வரிக்கு வரி படித்தாலும் டபுள் ஃபால்ட் வரக் காரணமே தெரியாது.

காரணம் தெரியாததில் வியப்பில்லை. வந்தது டபுள் ஃபால்ட்டே இல்லை. அது டைமர்.

பிசியில் இருக்கும் டைமர் சிப் நொடிக்கு 11,93,182 துடிப்புகளை எண்ணுகிறது. பயாஸ் அதை 65,536ஆல் வகுத்து ஓடவிட்டிருக்கும். நொடிக்கு 18.2 தடவை, அதாவது 55 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை, ஐஆர்க்யூ 0 என்ற கம்பியில் ஒரு தட்டு. நீங்கள் பயாஸை விட்டு வெளியே வந்துவிட்டீர்கள் என்பது அந்தச் சிப்புக்குத் தெரியாது. அது பாட்டுக்குத் தட்டிக்கொண்டே இருக்கிறது. எஸ்டிஐ போட்ட 55 மில்லிசெகண்டுக்குள் முதல் தட்டு உள்ளே வந்துவிடும்.

அது ஏன் டபுள் ஃபால்ட் வேஷத்தில் வருகிறது என்பதுதான் சுவாரஸ்யமான கதை. இன்டெல் 8086 வந்தபோதே, முதல் 32 இன்டரப்ட் எண்களை எதிர்காலத் தேவைக்காக ஒதுக்கி வைத்திருக்கிறோம், யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று அறிவித்திருந்தது. 1981இல் ஐபிஎம் தன் பிசியை வெளியிட்டபோது அதைப் பொருட்படுத்தவில்லை. 8259 என்ற இன்டரப்ட் கன்ட்ரோலரின் எட்டுக் கம்பிகளையும் 8 முதல் 15 வரையான எண்களில் உட்கார வைத்தது. அன்றைய 8088இல் அந்த எண்கள் காலியாகத்தான் கிடந்தன, ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அடுத்த ஆண்டே 80286 வந்தது. இன்டெல் தன் இடத்தைக் கேட்டது: 8 டபுள் ஃபால்ட்டுக்கு, 13 ஜெனரல் புரொடெக்ஷன் ஃபால்ட்டுக்கு. பிறகு 386இல் 14 பேஜ் ஃபால்ட்டுக்குப் போனது. அதற்குள் டாஸ் நிரல்கள் பழைய எண்களையே நம்பிப் பிழைக்க ஆரம்பித்திருந்தன. 1984இல் ஏடி மாடலில் இரண்டாவது 8259 சிப்பைச் சேர்த்தபோது அதை மட்டும் 112 முதல் 119 வரையான எண்களில் வைத்தார்கள். முதல் சிப் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டது. பயாஸ் வழியாக பூட் ஆகும் பிசிகளில் அந்த ஏற்பாடுதான் இன்றும் நம் கையில் வந்து சேர்கிறது. டைமர் 8இல் வரும். கீபோர்டு 9இல். ஃப்ளாப்பி இருந்தால் அது 14இல் வந்து பேஜ் ஃபால்ட் மாதிரி நடிக்கும்.

உள்ளே நடப்பதைக் கிட்டத்தில் பார்க்கலாம். உண்மையான டபுள் ஃபால்ட் வந்தால் சிபியு திரும்பிப்போக வேண்டிய முகவரி, கோட் செக்மென்ட், ஃப்ளாக்ஸ் ஆகியவற்றோடு கூடுதலாக ஓர் எரர் கோடையும் ஸ்டாக்கில் தள்ளுகிறது. டைமர் இன்டரப்டில் எரர் கோட் கிடையாது. ஆனால் 8ஆம் எண்ணுக்கு நீங்கள் எழுதிவைத்த ஹேண்ட்லர், எரர் கோட் இருக்கிறது என்று நம்பி ஸ்டாக்கின் மேலிருந்து நான்கு பைட்டை நீக்கிவிடுகிறது. நீக்கப்பட்டது திரும்பிப்போக வேண்டிய முகவரி. ஹேண்ட்லரிலிருந்து திரும்புவதற்காக அடுத்து வரும் ஐரெட் கட்டளை, கோட் செக்மென்ட்டை முகவரி என்று எடுத்துக்கொள்கிறது. ஃப்ளாக்ஸைக் கோட் செக்மென்ட் என்று எடுத்துக்கொள்கிறது. அப்படி ஒரு செக்மென்ட் உங்கள் அட்டவணையில் இருக்காது. உடனே ஜெனரல் புரொடெக்ஷன் ஃபால்ட். அதற்கு ஹேண்ட்லர் இல்லையென்றால் இந்த முறை நிஜமான டபுள் ஃபால்ட். அதற்கு எழுதிய ஹேண்ட்லரும் நிலைகுலைந்தால் டிரிபிள் ஃபால்ட், ரீபூட்.

இதற்கு மருந்து எல்லாப் பாடங்களிலும் இருக்கிறது: 8259 சிப்களை வேறு எண்களுக்கு நகர்த்த வேண்டும். முதல் சிப்பின் போர்ட்கள் 32, 33. இரண்டாவதின் போர்ட்கள் 160, 161. முதல் கட்டளையாக 17. பிறகு புது ஆரம்ப எண், வழக்கமாக ஒன்றுக்கு 32, மற்றதற்கு 40. பிறகு இரண்டும் எந்தக் கம்பியில் இணைந்திருக்கின்றன என்ற தகவலாக ஒன்றுக்கு 4, மற்றதற்கு 2. கடைசியாக இரண்டுக்கும் 1. மாணவர்கள் இதை மந்திரம்போல மனப்பாடம் செய்துகொண்டு எழுதிவிடுகிறார்கள். பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அந்த முதல் கட்டளை உள்ளே போனதும் சிப் தன் மாஸ்க் ரெஜிஸ்டரை அழித்துவிடுகிறது. முன்கூட்டியே எல்லாக் கம்பியையும் மூடிவிட்டுத்தான் நகர்த்தினேன் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நகர்த்தி முடித்த கணத்தில் அத்தனையும் திறந்து கிடக்கும். நகர்த்திய பிறகு 33, 161 இரண்டு போர்ட்டிலும் 255 எழுதி மறுபடி மூடுங்கள். ஹேண்ட்லர் தயாராக இருக்கும் கம்பியை மட்டும் ஒவ்வொன்றாகத் திறந்துகொள்ளலாம்.

இனி இன்டரப்டை மூடும் சிஎல்ஐ கட்டளை பற்றி. சிஎல்ஐ போட்டுவிட்டோம், இனி யாரும் உள்ளே வர மாட்டார்கள் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. சிஎல்ஐ தடுப்பது மாஸ்க் செய்யக்கூடிய வெளி இன்டரப்ட்களை மட்டுமே. உங்கள் நிரலே தவறான முகவரியைத் தொட்டால் பேஜ் ஃபால்ட் வந்தே தீரும். சிஎல்ஐ அதைத் தடுக்காது. என்எம்ஐ என்ற மாஸ்க் செய்ய முடியாத இன்டரப்டும் அப்படித்தான். பிசியில் அதை மட்டும் 112ஆம் போர்ட்டின் உச்ச பிட் வழியாகத் தனியாக அடைத்து வைக்க முடியும். ஃபர்ம்வேர் தன் சொந்த வேலைக்காக சிபியுவையே பிடுங்கிக்கொள்ளும் எஸ்எம்ஐ என்று ஒன்று இருக்கிறது. அதைக் கெர்னலால் நிறுத்தவே முடியாது.

அதனால்தான் என் கருத்தில் ஒரு கெர்னல் முதலில் எழுத வேண்டியது டைமர் ஹேண்ட்லரோ கீபோர்டு ஹேண்ட்லரோ இல்லை. முதல் 32 எக்செப்ஷன்களுக்கான ஹேண்ட்லர்கள்தான் முதலில். அவை எதையும் சரிசெய்ய வேண்டியதில்லை. எந்த எண், எந்த முகவரி, எரர் கோட் என்ன என்று சீரியல் போர்ட்டில் எழுதிவிட்டு நின்றால் போதும். இது இல்லாமல் இன்டரப்டைத் திறப்பது, இலை போடுவதற்கு முன்னால் பந்திக்கு ஆட்களை உட்காரவைப்பது போன்றது.

லினக்ஸ் இந்த விஷயத்தில் எவ்வளவு கவனமாக இருக்கிறது என்று பார்த்தால் மரியாதை வரும். பழைய பயாஸ் வழியில் பூட் ஆகும்போது, ரியல் மோடிலிருந்து புரொடெக்டட் மோடுக்குத் தாவும் சிறிய சி கோப்பு ஒன்று அதில் இருக்கிறது. தாவுவதற்கு முன்னால் அது சிஎல்ஐ போடுகிறது, என்எம்ஐயை அடைக்கிறது, இரண்டாவது 8259இல் 255, முதலாவதில் 251 எழுதி, இரண்டு சிப்களையும் இணைக்கும் ஒரே ஒரு கம்பியைத் தவிர எல்லாவற்றையும் மூடுகிறது. அதன் பிறகு, ஹேண்ட்லர்களின் அட்டவணையான ஐடிடியை நீளம் பூஜ்யமாக, வெற்றாக ஏற்றுகிறது. முதலில் பார்க்கும்போது விபரீதமாகத் தோன்றும். இந்த இடைவெளியில் எந்த இன்டரப்ட் வந்தாலும் மெஷின் ரீசெட் ஆகிவிடுமே? ஆகட்டும் என்பதுதான் எண்ணம். இந்தச் சில கட்டளைகளுக்குள் ஏதாவது வந்தால், பழைய பயாஸின் குப்பை முகவரிக்குப் போய் எதையோ நாசமாக்குவதைவிட உடனே நின்றுபோவது நல்லது.

64 பிட் பகுதிக்குள் வந்ததும் முதல் 32 எக்செப்ஷன்களுக்கும் தற்காலிக ஹேண்ட்லர்களை வைத்துவிடுகிறது. அதில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்று: ஆரம்ப கட்டத்தில் எல்லா நினைவகத்துக்கும் பேஜ் டேபிள் கட்டிவைக்க நேரம் இல்லை. தொடாத இடத்தைத் தொட்டால் பேஜ் ஃபால்ட் வரட்டும், அந்தத் தற்காலிக ஹேண்ட்லரே தேவையான பேஜ் டேபிளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் திரும்பும். சிஎல்ஐ போட்டிருக்கும் நிலையிலேயே பேஜ் ஃபால்ட்டை ஒரு வேலைக்காரனாக வைத்துக்கொண்டு பூட் ஆகிறது லினக்ஸ். அதே ஹேண்ட்லர் என்எம்ஐ வந்தால் கண்டுகொள்ளாமல் திரும்புகிறது. ஹேண்ட்லருக்குள்ளேயே திரும்பத் திரும்ப ஃபால்ட் வந்தால், எண்ணிப் பார்த்து நிறுத்திவிடுகிறது.

பிறகு ஸ்டார்ட்_கெர்னல் என்ற புகழ்பெற்ற ஃபங்ஷன். ஆரம்பத்திலேயே இன்டரப்டை மூடிவிட்டு, மூடியிருக்கிறது என்று ஒரு கொடியும் ஏற்றிவைக்கிறது. அங்கிருந்து இன்டரப்டைத் திறக்கும் வரிக்கு வர வெகுதூரம் ஆகிறது. நடுவில் ஆர்க்கிடெக்சர் அமைப்பு, டிராப் அமைப்பு, நினைவக ஒதுக்கீடு, ஷெட்யூலர், ஐஆர்க்யூ விவரங்கள், கன்ட்ரோலர், டைமர், சாஃப்ட்ஐஆர்க்யூ, நேரக் கணக்கு என்று ஒவ்வொன்றாக எழுந்து நிற்கின்றன. இந்த வரிசை தற்செயலானது இல்லை. டைமர் இன்டரப்ட் ஒன்று வந்தால் அது ஷெட்யூலரைத் தொடும், நேரக் கணக்கைத் தொடும், முடியும்போது சாஃப்ட்ஐஆர்க்யூவை எழுப்பும். அவற்றில் ஒன்று தயாராக இல்லையென்றாலும் ஹேண்ட்லர் வெறும் முகவரிக்குள் கால் வைக்கும். ஆகவே அத்தனையும் முடிந்த பிறகுதான் திறப்பு.

திறக்கும் வரிக்குச் சற்று மேலே ஒரு காவல் இருக்கிறது. இன்டரப்ட் இன்னும் மூடித்தான் இருக்கிறதா என்று சோதித்து, இல்லையென்றால் இன்டரப்ட் முன்கூட்டியே திறக்கப்பட்டுவிட்டது என்று எச்சரிக்கை எழுதுகிறது. அதற்கு வெகு முன்னால், ஷெட்யூலர் எழுந்ததும் இன்னொரு காவல்: மிக மிக முன்கூட்டியே திறந்துவிட்டார்கள், சரிசெய்கிறேன் என்று சொல்லி மறுபடி மூடிவிடுகிறது. யார் திறந்திருப்பார்கள்? எஸ்டிஐ என்று நேராக எழுதியவர் யாரும் இருக்க மாட்டார். வழக்கமான குற்றவாளி ஒரு லாக். ஸ்பின்லாக்கை விடும்போது இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, பழைய நிலை என்னவோ அதற்கே இன்டரப்டைத் திருப்புவது. மற்றது, பழைய நிலையைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு திறந்துவிடுவது. சாதாரண காலத்தில் ஓடும் நிரலில் இரண்டாவது சரியாகவே வேலை செய்யும். அதே ஃபங்ஷனை யாரோ பூட்டின் ஆரம்பத்திலிருந்து கூப்பிட்டால், லாக்கை விட்ட கணத்தில் மொத்தக் கதவும் திறந்துகொள்ளும். நினைவகம் ஒதுக்கும் ஃபங்ஷன்களிலும் இதே ஆபத்து உண்டு; காத்திருக்கலாம் என்ற அனுமதியோடு நினைவகம் கேட்டால் உள்ளே தூங்கப் போகலாம், இன்டரப்டும் திறக்கப்படலாம். அதனால் பூட் காலத்தில் அந்த அனுமதிக் கொடிகளை லினக்ஸ் மொத்தமாக வடிகட்டிவிடுகிறது. கேட்டவர் எதைக் கேட்டாலும், தூங்காமல் கிடைப்பது மட்டும் கிடைக்கும். ஒவ்வொரு டெவலப்பரும் ஒழுங்காக எழுதுவார் என்று நம்பாமல் அமைப்பிலேயே தடுப்பு வைப்பதுதான் நல்ல பொறியியல் என்று நான் நினைக்கிறேன்.

சிபியுவின் கொடி, கன்ட்ரோலரின் மாஸ்க் இரண்டையும் பேசியாயிற்று. மூன்றாவதாக ஒரு பூட்டு இருக்கிறது, அதுதான் அதிகம் மறக்கப்படுவது: டிவைஸே தன் இன்டரப்டை எழுப்புகிறதா இல்லையா என்பது. நம் கெர்னல் புதிதாகப் பிறந்திருக்கலாம். டிவைஸ்கள் புதிதாகப் பிறந்தவை இல்லை. பூட் மெனுவில் யுஎஸ்பி கீபோர்டு வேலை செய்கிறதென்றால் பயாஸ் அந்த யுஎஸ்பி கன்ட்ரோலரை ஓட்டிக்கொண்டிருக்கிறது என்றுதான் பொருள். ஓடுகிற நிலையிலேயே அது கெர்னலிடம் வந்து சேர்கிறது. லினக்ஸ் இதற்கென்றே, யுஎஸ்பி டிரைவர் ஏறுவதற்கு வெகு முன்னால், பிசிஐ டிவைஸ்களை எண்ணும்போதே, பயாஸிடமிருந்து கன்ட்ரோலரை வாங்கிக்கொண்டு அமைதிப்படுத்துகிறது.

அப்படி அமைதிப்படுத்தாவிட்டால் என்ன ஆகும்? ஒரே கம்பியைப் பல பிசிஐ டிவைஸ்கள் பகிர்ந்துகொள்ளும் காலத்து மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள். நெட்வொர்க் கார்டு டிரைவர் முதலில் ஏறி 11ஆம் கம்பியைத் திறக்கிறது. அதே கம்பியில், டிரைவர் இன்னும் ஏறாத வேறொரு டிவைஸ் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. இன்டரப்ட் வருகிறது. நெட்வொர்க் டிரைவர் பார்த்துவிட்டு என்னுடையது இல்லை என்கிறது. கையை இறக்கச் சொல்ல யாரும் இல்லாததால் உடனே மறுபடி வருகிறது. மறுபடி, மறுபடி. இப்படியே போனால் சிபியு வேறெதையும் செய்யாது. லினக்ஸ் இதை எண்ணுகிறது: ஒரு லட்சம் இன்டரப்ட்களில் 99,900க்கு மேல் யாரும் உரிமை கொண்டாடவில்லை என்றால், இந்த ஐஆர்க்யூவை யாரும் கவனிக்கவில்லை என்று எழுதிவிட்டு அந்தக் கம்பியையே மூடிவிடும். மெஷின் பிழைத்தது, நெட்வொர்க் கார்டு போனது. கெர்னல் விழுந்த பிறகு கேடம்ப் வழியாக எழும் இரண்டாவது கெர்னலுக்கு இன்னும் கஷ்டம். முன்னது நடுவழியில் விழுந்ததால் எந்த டிவைஸும் ஒழுங்காக நிறுத்தப்படவில்லை. அதற்காகத்தான் ரீசெட்_டிவைசஸ் என்ற பூட் அளபுரு இருக்கிறது. டிரைவர்கள் அதைப் பார்த்து, முதலில் டிவைஸை ரீசெட் செய்துவிட்டு மேலே போக வேண்டும்.

ஸ்டாக் பற்றிச் சொல்லாமல் போனால் பாதிதான் சொன்னதாகும். 64 பிட் லினக்ஸ், பிஎஸ்டி வகை நிரல்கள் பின்பற்றும் ஏபிஐ என்ற அழைப்பு விதிகளில் ரெட் ஸோன் என்று ஓர் இடம் உண்டு. ஸ்டாக் பாயின்டருக்குக் கீழே 128 பைட். வேறு எதையும் கூப்பிடாத ஃபங்ஷன், ஸ்டாக் பாயின்டரை நகர்த்தாமலேயே அங்கே தன் மாறிகளை வைத்துக்கொள்ளலாம் என்று கம்பைலருக்கு அனுமதி. யூசர் நிரலுக்கு இது பாதுகாப்பானது. கெர்னலில் அப்படி இல்லை. கெர்னல் ஓடிக்கொண்டிருக்கும்போது இன்டரப்ட் வந்தால், சிபியு அதே ஸ்டாக்கில், ஸ்டாக் பாயின்டருக்கு நேர் கீழே, தன் விவரங்களைத் தள்ளுகிறது. அங்கே உங்கள் மாறிகள் இருந்தன. இன்டரப்ட் திரும்பியபின் ஃபங்ஷன் தொடர்கிறது. ஒரு மாறியின் மதிப்பு மட்டும் மாறியிருக்கிறது. எந்த ஃபால்ட்டும் வராது, எந்த எச்சரிக்கையும் வராது. ஆப்டிமைசேஷன் இல்லாமல் கம்பைல் செய்தால் பிழை இடம் மாறும், காணாமலும் போகும். இதைத் தேடி நாட்கணக்கில் அலைந்தவர்கள் நிறைய. மருந்து கம்பைலருக்கு ஒரே ஒரு கொடி: ரெட் ஸோன் வேண்டாம் என்பது. லினக்ஸ் அதோடு எஸ்எஸ்இ, எம்எம்எக்ஸ் கட்டளைகளையும் வேண்டாம் என்று சொல்லித்தான் கம்பைல் ஆகிறது, ஏனென்றால் இன்டரப்ட் ஹேண்ட்லர் அந்த ரெஜிஸ்டர்களைச் சேமித்து வைப்பதில்லை. டபுள் ஃபால்ட் ஹேண்ட்லருக்குத் தனி ஸ்டாக் கொடுக்க மறக்காதீர்கள். டபுள் ஃபால்ட் வருவதற்குப் பெரும்பாலும் காரணமே ஸ்டாக் கெட்டுப்போனதுதான். அதே ஸ்டாக்கில் ஹேண்ட்லரை ஓடவிட்டால் டிரிபிள் ஃபால்ட்தான் மிச்சம். 64 பிட்டில் இதற்காக ஏழு தனி ஸ்டாக்குகளுக்கு இடம் வைத்திருக்கிறார்கள்.

பழைய பூட் செக்டர்களில் ஸ்டாக் செக்மென்ட்டை மாற்றும் இரண்டு வரிகளைச் சுற்றி சிஎல்ஐ, எஸ்டிஐ இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்டாக் செக்மென்ட்டை மாற்றும் கட்டளைக்கு அடுத்த ஒரு கட்டளை முடியும்வரை சிபியுவே இன்டரப்டைத் தள்ளிப்போடும் என்பதுதான் விதி. ஆனால் 8088இன் முதல் காலத்துச் சிப்களில் அந்தத் தள்ளிப்போடல் வேலை செய்யவில்லை. நடுவில் இன்டரப்ட் வந்தால் பாதி மாறிய ஸ்டாக்கில் எழுதிவிடும். அதற்கான பாதுகாப்புதான் சுற்றியிருக்கும் அந்த சிஎல்ஐயும் எஸ்டிஐயும்.

எஸ்டிஐக்கும் இதே மாதிரி ஒரு கட்டளைத் தாமதம் உண்டு. அது ஒழுங்காகவே வேலை செய்கிறது. அதனால் எஸ்டிஐ, ஹால்ட் இரண்டையும் அடுத்தடுத்து எழுதினால் நடுவில் இன்டரப்ட் நுழைய முடியாது. இடையில் வேறு ஒரு கட்டளையைச் செருகினால், எழுப்ப வேண்டிய இன்டரப்ட் ஹால்டுக்கு முன்னாலேயே வந்துபோய்விட, சிபியு அடுத்த இன்டரப்ட் வரும்வரை தூங்கும்.

போலி இன்டரப்ட்கள் வேறு இருக்கின்றன. 8259 சிபியுவைக் கூப்பிட்டுவிட்டு, சிபியு யாரென்று கேட்பதற்குள் டிவைஸ் கையை இறக்கிவிட்டால், சிப் வேறு வழியில்லாமல் 7ஆம் கம்பி என்று பதில் சொல்லும். ஹேண்ட்லர் அந்தச் சிப்பின் இன்-சர்வீஸ் ரெஜிஸ்டரைப் படித்து, அந்த பிட் இல்லையென்றால் வேலை முடிந்தது என்ற ஈஓஐ செய்தியை அனுப்பாமல் திரும்ப வேண்டும். இரண்டாவது சிப்பில் இது 15ஆக வரும். அப்போது முதல் சிப்புக்கு மட்டும் ஈஓஐ அனுப்ப வேண்டும். 8259க்குப் பதிலாக வந்த ஏபிக் கன்ட்ரோலரைப் பயன்படுத்தப் போகிறேன், 8259ஐ நான் தொடவே இல்லை என்பவர்களும் அதை நகர்த்தி, மூடி வைக்க வேண்டியதற்குக் காரணம் இந்தப் போலிகள்தான். பழைய இடத்திலேயே விட்டுவைத்தால் போலியாக ஒன்று எக்செப்ஷன் எண்ணில் வந்து குழப்பும்.

மற்ற சிபியுகளில் எண்கள் மாறும், வரிசை மாறாது. 64 பிட் ஆர்ம் கெர்னலை பூட் லோடர் எழுப்பும்போது எல்லா வகை இன்டரப்டும் மூடியிருக்க வேண்டும் என்று லினக்ஸ் ஆவணம் நிபந்தனை போடுகிறது. ரிஸ்க்-ஃபைவில் டிராப் முகவரியை எழுதிய பிறகுதான் இன்டரப்ட் கொடி. ஐஐடி மெட்ராஸில் உருவான சக்தி பிராசசர்கள் ரிஸ்க்-ஃபைவ் வகைதான். அவற்றில் சொந்தக் கெர்னல் ஓட்டிப் பார்க்க நினைப்பவர்களுக்கும் இதே ஒழுங்கு பொருந்தும். பிசியில் மல்டிபூட் முறையில் கிரப் உங்கள் கெர்னலை எழுப்பினால், இன்டரப்டை மூடித்தான் கொடுக்கும். ஆனால் ஐடிடியும் ஸ்டாக்கும் உங்கள் பொறுப்பு. யுஇஎஃப்ஐயில் பூட் சர்வீஸ்கள் இன்டரப்ட் திறந்த நிலையில்தான் ஓடுகின்றன, ஆகவே வெளியேறியதும் முதல் வேலை நீங்களே சிஎல்ஐ போடுவது.

எழுதிக்கொண்டிருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கெர்னலில் எஸ்டிஐ வரியை இப்போதைக்கு எடுத்துவிடுங்கள். ஐடிடியில் 32 ஹேண்ட்லர்களையும் வைத்துவிட்டு, பேஜிங் இயங்கும் நிலையில் வேண்டுமென்றே இல்லாத முகவரி ஒன்றைத் தொட்டுப் பாருங்கள். பேஜ் ஃபால்ட், சரியான முகவரி, சரியான எரர் கோட் மூன்றும் சீரியல் போர்ட்டில் வர வேண்டும். பிறகு 8259ஐ நகர்த்தி, முழுக்க மூடி, அதன் பிறகு எஸ்டிஐ போடுங்கள். எதுவும் நடக்கக் கூடாது. எதுவும் நடக்கவில்லை என்று உறுதியான பிறகு டைமர் கம்பியை மட்டும் திறங்கள். கியூஈஎம்யூவில் இன்டரப்ட் பதிவை இயக்கி, ரீபூட் ஆகாமல் நிற்கும்படி ஓட்டினால், வந்த ஒவ்வொரு இன்டரப்டின் எண்ணும் அந்த நேரத்து ரெஜிஸ்டர்களும் வரிசையாக விழும். அந்தப் பட்டியலில் முதல் வரி 32 என்று (பதினாறடி எண்ணில் 20 என்று தெரியும்) இருந்தால் நீங்கள் சரியான பாதையில் இருக்கிறீர்கள். 8 என்று இருந்தால் டபுள் ஃபால்ட்டைத் தேடிப் போகாதீர்கள், முதலில் 8259ஐப் பாருங்கள்.